இலவசம் என்றால் யாரோ உழைத்தது

(பொன்விழாக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மலர் வேலை தொடங்கியபோது, வெள்ளிவிழா மலரின் எழுத்துகள் அடங்கிய குறுந்தகடு ஒன்றைச் செயலாளர் மாமு எங்களிடம் கொடுத்தார். ஈப்போவில் எங்கள் கடைக்குக் கொண்டுபோய்க் கணினியில் போட்டுப் பார்த்தோம். ஒரு தமிழெழுத்துகூட இல்லை. கோடும் புள்ளியும் கொம்பு முளைத்த ஆங்கில எழுத்துகளுமாக ஏதோ வந்தது. அச்சிட்ட மலரில் மிஞ்சியது ஒரே பிரதி. அதிலும் கடைசிப் பக்கங்களைக் கறையான் தின்றிருந்தது.

அந்தக் கடைசிப் பக்கங்களில்தான் சங்கம் தொடங்கிய காலத்து உறுப்பினர் பட்டியல் இருந்தது. சுங்கை சிப்புட், கோலகங்சார் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் மளிகைக்கடை வைத்திருந்தவர்கள், சைக்கிளில் துணிமூட்டை கட்டி லயம் லயமாக விற்றவர்கள், மாதச் சந்தா கொடுத்து இந்தச் சங்கத்தை நிற்க வைத்தவர்கள். அந்தத் தோட்டங்களில் பல இன்று செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதியாகவும் மாறிவிட்டன. கடையும் இல்லை, லயமும் இல்லை. அவர்கள் பெயர் மட்டும் தகட்டுக்குள் இருந்தது. அதையும் படிக்க முடியவில்லை.

காரணம் இதுதான். அந்தக் காலத்தில் ஒவ்வொரு தமிழ் எழுத்துருவும் தன் விருப்பப்படி எழுத்துகளை அடுக்கி வைத்திருந்தது. அதே எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் தெரியாது. இன்று எல்லாக் கைப்பேசியிலும் தமிழ் தெரிவதற்குக் காரணம், உலகம் முழுவதும் ஒரே அடுக்குமுறையைப் பின்பற்றுகிற யூனிகோடு.

இணையத்தில் தமிழ்க் கணினி ஆர்வலர்கள் கூடும் ஒரு குழுவில் கேட்டோம். முன்பின் தெரியாத ஒருவர், ‘பொங்குதமிழ்’ என்ற மாற்றியைப் போட்டுப் பாருங்கள் என்று பதில் எழுதினார். மேல் கட்டத்தில் பழைய எழுத்தை ஒட்டி, பாமினியா, அஞ்சலா, திஸ்கியா என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும். மூன்றாவது தட்டலில் கீழ்க் கட்டத்தில் தமிழ் வந்தது. மஃரிப் தொழுதுவிட்டு உட்கார்ந்தோம். இஷாவுக்குள் பட்டியல் முழுவதும் கைக்கு வந்துவிட்டது.

உடனே நம் மூத்த உறுப்பினர் ஒருவருக்குப் போன் செய்து அவருடைய அத்தாவின் பெயரை, ஊர்ப் பெயரோடும் தோட்டத்தின் பெயரோடும் வாசித்தோம். சற்று நேரம் அவர் பேசவில்லை. பிறகு, “எத்தனை வெள்ளி ஆச்சு தம்பி?” என்று கேட்டார்.

“ஒன்றும் ஆகவில்லை மாமு.”

“ஒன்றும் வாங்காமல் யாரப்பா செஞ்சு தர்றா?”

வியாபாரியின் கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இன்று இங்கே நிற்கிறோம்.

பொங்குதமிழைச் செய்தவர் சுரதா யாழ்வாணன். இலங்கைத் தமிழர், ஜெர்மனியில் வாழ்பவர். சுவிட்சர்லாந்தில் இருந்த முனைவர் கல்யாணசுந்தரம் 1998 பொங்கலன்று ‘மதுரைத் திட்டம்’ தொடங்கினார். பல நாட்டுத் தமிழர்கள் சம்பளம் வாங்காமல் பழைய நூல்களைத் தட்டச்சு செய்து இணையத்தில் வைத்தார்கள். உமறுப் புலவரின் சீறாப்புராணம், ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள், அப்படித்தான் நம் கைப்பேசிக்கு வந்தது.

இன்னொருவர் நம் சமுதாயத்தைச் சேர்ந்தவர். அதிராம்பட்டினத்தில் 1953-இல் பிறந்த உமர் தம்பி. வளைகுடாவில் வேலை பார்த்தவர். ஒரு தமிழ் இணையப் பக்கத்தைத் திறந்தால் கட்டம் கட்டமாகத் தெரிந்த காலத்தில், பக்கத்தோடு எழுத்தும் சேர்ந்தே வந்து இறங்கும்படி ‘தேனீ’ இயங்கு எழுத்துருவை உருவாக்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். இணையக் குழுக்களில் கேட்டவர்களுக்கெல்லாம் உதவினார். 2006 ஜூலையில், 53 வயதில் வஃபாத்தானார். 2010-இல் கோவையில் செம்மொழி மாநாட்டோடு நடந்த தமிழ் இணைய மாநாட்டில் ஓர் அரங்குக்கு அவர் பெயரை வைத்தார்கள். கிணறு வெட்டிக் கொடுப்பதை ஸதகத்துல் ஜாரியா என்கிறோம். இதுவும் அப்படி ஒரு கிணறு என்றே நினைக்கிறோம்.

இப்போது எங்கள் குற்றத்தையும் சொல்லிவிட வேண்டும். பாலிடெக்னிக்கில் டிப்ளோமா படித்த நாளிலிருந்து, இலவசம் என்றால் எங்களுக்குத் திருட்டுப் பிரதிதான். பாசார் மாலாமில் சில வெள்ளிக்கு வாங்கிய தகடு. பூட்டு உடைத்த மென்பொருளைக் கடையில் போட்டோம். தராசில் பத்து கிராம் குறைந்தால் நாளை மறுமையில் பதில் சொல்ல வேண்டுமே என்று பயப்படுகிற நாங்கள், அடுத்தவன் உழைப்பைப் பூட்டு உடைத்து எடுத்ததை ஒரு நாளும் யோசிக்கவில்லை. அதோடு வந்த வைரஸ் மூன்று வருடக் கடன் கணக்கை அழித்துவிட்டது. யார் எவ்வளவு தர வேண்டும் என்று தெரியாமல், வாடிக்கையாளர் வாயால் சொன்னதையே கணக்காக எழுதிக்கொண்டோம். சொன்னவர்களில் பெரும்பாலோர் நேர்மையாகச் சொன்னார்கள், அல்ஹம்துலில்லாஹ். வெட்கம் எங்களுக்குத்தான். அதே தகட்டைத்தான் நம் சங்கத்து டியூஷன் பிள்ளைகளின் பழைய மடிக்கணினிகளிலும் நாங்கள் போட்டுக் கொடுத்திருந்தோம். அவற்றை ஒவ்வொன்றாக வாங்கி, அழித்து, மாற்றிக் கொடுத்து முடிக்க நான்கு மாதம் ஆனது.

மாற்றியது எவற்றை வைத்து? கடிதத்துக்கும் கணக்குக்கும் லிப்ரே ஆபிஸ். படத்தைத் திருத்த கிம்ப். கடைப் பதாகையும் கல்யாண அழைப்பிதழும் வரைய இங்க்ஸ்கேப். எல்லாம் கட்டற்ற மென்பொருள்கள். அவற்றை எடுப்பது, பயன்படுத்துவது, பிறருக்குக் கொடுப்பது எல்லாவற்றுக்கும் செய்தவர்களே அனுமதி எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். ஆரம்பத்தில் பழக்கமில்லாமல் கை தடுமாறும். இரண்டு வாரத்தில் சரியாகிவிடும்.

ஆனால் இலவசமாகக் கிடைப்பதெல்லாம் ஒரே வகையல்ல. சிலது முப்பது நாளைக்குத்தான். சில எழுத்துருக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும். கடைப் பலகையில் போடக்கூடாது. நோட்டோ தமிழ் எழுத்துரு வியாபாரத்துக்கும் ஆகும். விக்கிமீடியா காமன்ஸில் உள்ள பல படங்களை எடுத்துக்கொள்ளலாம், எடுத்தவர் பெயரைப் போட வேண்டும் என்பது நிபந்தனை. ஆகவே உரிமக் குறிப்பைப் படியுங்கள். தயாரித்தவர்களின் சொந்தத் தளத்திலிருந்தே இறக்குங்கள். சந்தேகம் வந்தால் இணையக் குழுவில் கேளுங்கள். முதலில் நீங்களே தேடிப் பார்த்து, எந்தக் கணினி, என்ன பிழை என்று தெளிவாக எழுதிக் கேட்டால் பதில் சீக்கிரம் வரும்.

எடுப்பது மட்டும் போதாது. நிரல் எழுதத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பிழை கண்டால் செய்தவருக்குத் தெரிவிக்கலாம். நாம் கற்றதை அடுத்தவருக்குத் தமிழில் எழுதி வைக்கலாம். நம் தோட்டங்களின் பழைய படங்களைக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு பொதுவில் வைக்கலாம்.

இறுதியாக ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு அலமாரியிலும் பழைய தகடு, பிளாப்பி இருக்கும். நிக்காஹ் விவரம், ஊர்க் கடிதம், அத்தா எழுதிய கணக்கு எதுவாகவும் இருக்கலாம். குப்பையில் போட்டுவிடாதீர்கள். ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு, லுஹருக்குப் பிறகு சங்கக் கட்டடத்தில் நாங்கள் இருப்போம். கொண்டு வாருங்கள், திறக்க முடிகிறதா என்று சேர்ந்து பார்ப்போம். கட்டணம் இல்லை. கற்றுக்கொள்ள விரும்பும் பிள்ளை ஒருவரையும் கூட அழைத்து வாருங்கள்.

வஸ்ஸலாம்.