தறி வீட்டுப் பிள்ளையும் முனைவர் பட்டம் வாங்கணும்!

(படவேடு தெருமுனைக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்வியில் சமத்துவம், புதுமை, எல்லோரையும் சேர்த்துக்கொள்வது. இந்தத் தலைப்புகளில் பல்கலைக்கழகங்களில் முனைவர் பட்ட ஆய்வுகள் நடக்கின்றன. நல்ல விஷயம். நம்ம கேள்வி ஒண்ணுதான்: அந்த ஆய்வைச் செய்யறவங்க யாரு?

பள்ளிக்கூடம் விட்டு வந்து தார் சுத்துற பிள்ளை எப்போ படிக்குது? ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி வர்ற பிள்ளை ஏன் பாதியில நின்னுடுது? வெளியிலிருந்து வர்றவங்க கணக்கெடுத்துட்டுப் போகலாம். அந்த வீட்டிலேயே வளர்ந்த பிள்ளை கேட்கிற கேள்வி வேற மாதிரி இருக்கும். அந்தப் பிள்ளை ஆராய்ச்சி வரைக்கும் போகணும். ஆனா வழியில மூணு பூட்டு தொங்குது.

முதல் பூட்டு, மொழி. நெட் தேர்வு மதிப்பெண்ணை வைத்தே முனைவர் பட்டப் படிப்பில் சேர்க்கலாம் என்று 2024 மார்ச்சில் யூஜிசி அறிவித்தது. மொழிப் பாடங்கள் தவிர மற்ற பாடங்களுக்கு அந்த வினாத்தாள் இங்கிலீஷிலும் இந்தியிலும்தான் வருது. தமிழ் வழியில் படித்த பிள்ளை என்ன செய்யும்?

இரண்டாவது பூட்டு, நேர்முகத் தேர்வு. 2016-இல் யூஜிசி கொண்டுவந்த விதிப்படி எழுத்துத் தேர்வு வெறும் தகுதிக்கு. இடம் கிடைப்பது முழுக்க நேர்முகத்தில். அதில் சமத்துவம் இல்லை என்று முகநூலில் எழுதினார் சேலத்துப் பிள்ளை முத்துக்கிருஷ்ணன், ஜேஎன்யூ ஆராய்ச்சி மாணவர். 2017 மார்ச்சில் அவரை இழந்தோம். மாணவர்கள் போராடினாங்க. 2018-இல் எழுத்துத் தேர்வுக்கு 70, நேர்முகத்துக்கு 30 என்று விதி மாறியது. போராடினால் விதி மாறும், தோழர்களே!

மூன்றாவது பூட்டு, பணம். முனைவர் பட்டத்துக்குக் குறைஞ்சது மூணு வருஷம் ஆகும். ஜேஆர்எஃப் கிடைத்தவருக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய். நெட் இல்லாமல் மத்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவருக்கு மாதம் 8,000 ரூபாய். அதையும் 2015-இல் நிறுத்தப் பார்த்தாங்க. மாணவர்கள் டெல்லியில் யூஜிசி வாசலில் உட்கார்ந்துதான் காப்பாத்தினாங்க. சிறுபான்மை மாணவர்களுக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகையை 2022-இல் ஒன்றிய அரசு நிறுத்தியே விட்டது. இங்கே பட்டப்படிப்பு வரைக்கும் புதுமைப்பெண் திட்டத்தின் ஆயிரம் ரூபாய் கை கொடுக்குது. அதுக்கு மேல? தறியில உட்கார வேண்டிய கை ஒண்ணு குறைஞ்சா, அந்த வீட்டில அடுப்பு எரியணுமே!

அதனால் நாம் கேட்பது:

• நெட் வினாத்தாள் தமிழிலும் வேண்டும்.
• நெட் இல்லாத ஆய்வு மாணவர் உதவித்தொகையை உயர்த்தி, மாநிலப் பல்கலைக்கழகங்களுக்கும் தர வேண்டும்.
• நிறுத்திய உதவித்தொகையைத் திரும்பக் கொடுக்க வேண்டும்.
• நெசவாளர், மலைவாழ் குடும்பங்களின் முதல் தலைமுறை ஆய்வாளர்களுக்கு மாநில அரசு தனி நிதி ஒதுக்க வேண்டும்.

பட்டு நெய்யத் தெரிந்த கைக்கு ஆய்வேடு எழுதவும் வரும். பூட்டைத் திறக்கச் சொல்லி ஒன்றாகக் குரல் கொடுப்போம்.



#கல்விஉரிமை #படவேடு