கொழுந்துக் கூடையும் கணினியின் கருவறையும்



கேமரன் மலையில் 1929இல் ஜே.ஏ. ரஸ்ஸல் தொடங்கிய 'போ' தேயிலைத் தோட்டத்தைக் கேள்விப்படாத மலேசியத் தமிழர் இல்லை. கொழுந்து எடுப்போரின் வேலை மலைச்சரிவில் நடக்கிறது. வாட்டும், உருட்டும் இயந்திரங்கள் ஆலைக்குள் இருக்கின்றன. கொழுந்தை எடை போட்டுப் பார்த்துத்தான் உள்ளே விட வேண்டும். கூடையில் கல் கிடந்து இயந்திரத்தில் விழுந்தால், ஒருவர் வேலை மட்டுமா நிற்கும்? ஆலையே நின்றுவிடும்.

கணினியும் அப்படித்தான். நாம் திறக்கும் செயலிகளுக்கு நினைவகத்தில் ஒரு பகுதி. இயங்குதளத்தின் மையமான கெர்னலுக்கு வேறொரு பகுதி. செயலி தவறான முகவரியைப் படித்தால் அந்தச் செயலி மட்டும் மூடப்படும். கெர்னல் தவறான முகவரியைப் படித்தாலோ கணினியே விழுந்துவிடக்கூடும்.

ஆகவே, செயலி தரும் முகவரியைக் கெர்னல் அப்படியே நம்பக்கூடாது. அது செயலியின் எல்லைக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு தகவலைத் தன் பக்கம் ஒரே முறை நகலெடுத்து, அந்த நகலைச் சோதித்து, அதையே பயன்படுத்த வேண்டும். சோதித்த பின் மீண்டும் செயலியின் பகுதியைப் படித்தால், எடை போட்ட கூடையை வாசலில் மாற்றிய கதைதான். லினக்ஸில் இதற்கென்றே 'காப்பி ஃப்ரம் யூசர்' என்ற நிரல் உள்ளது. எத்தனை பைட்டுகளை நகலெடுக்க முடியவில்லை என்பதை அது சொல்லும். பூஜ்யம் வந்தால் வெற்றி.

இந்தச் சோதனை விடுபட்டால் என்ன ஆகும்? கைப்பேசிகளின் ஏ.ஆர்.எம். சில்லுகளுக்கான லினக்ஸில் இதே வேலையின் சில நிரல்கள் முகவரியைச் சரிபார்க்கவில்லை. 2013இல் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளைத் தாக்க அந்த ஓட்டை பயன்பட்டது.

கெர்னலுக்குள்ளேயே எல்லை மீறிப் படித்தாலும் ஆபத்துதான். 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை, மலேசிய நேரம் நண்பகல் 12.09. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு புதுப்பிப்பு வந்தது. 20 மதிப்புகள் இருந்த இடத்தில் 21ஆவதைத் தேடிக் கெர்னலுக்குள் கைநீட்டியது அது. சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத்திரையாயின. 78 நிமிடங்களில் புதுப்பிப்பு திரும்பப் பெறப்பட்டும், விழுந்த பல கணினிகளை ஒவ்வொன்றாகக் கையால்தான் மீட்க வேண்டியிருந்தது. இங்கே ஏர் ஆசியா பயணிகள் நீண்ட வரிசையில் நின்றனர். கேடிஎம் இரயில் டிக்கெட் சேவையும் தடைபட்டது.

தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று கணினி படிக்கிறார்கள். அவர்கள் மனத்தில் பதிக்க வேண்டியது ஒன்றுதான்: யார் கொண்டுவந்த கூடையானாலும், எடை போடாமல் ஆலைக்குள் விடாதீர்கள்.