உவமையும் ஓர் ஆமையும்



உவமை பற்றிப் பேசுமாறு பணித்தீர்கள். ஓர் ஆமையின் வழியாக அதைப் பேச விழைகிறேன். ஐம்பொறி அடக்கத்திற்கு வள்ளுவர் எடுத்தாண்ட உவமை ஆமை. ஆனால் தென்னமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ ஆற்றுப் படுகைகளில் வாழும் மாட்டமாட்டா என்னும் நன்னீர் ஆமை அவ்வுவமைக்குள் அடங்குவதில்லை. அதனால் தலையை நேராக உள்ளிழுக்க இயலாது. நீண்ட கழுத்தைப் பக்கவாட்டில் மடித்து, ஓட்டின் விளிம்போரம் ஒதுக்கிக்கொள்ளும்.

மெல்ல நகரும் கலங்கல் நீரின் அடியில் அது அசையாது கிடக்கும். மேடுபள்ளமான ஓடு மரப்பட்டையை ஒக்கும். தட்டையான முக்கோணத் தலை உதிர்ந்த சருகை ஒக்கும். குழல் போன்ற மூக்கின் நுனியை மட்டும் நீருக்கு மேல் நீட்டி மூச்சு வாங்கும். கண்கள் மிகச் சிறியவை. தலையிலும் கழுத்திலும் தொங்கும் தோல்மடல்களே நீரின் சிற்றசைவையும் அதற்கு உணர்த்துகின்றன. மீன் அருகில் வந்ததும் வாய் அகலத் திறக்கிறது. நாவடி எலும்புகள் விரிய, தொண்டை நொடிப்பொழுதில் பெருக்கிறது. பாய்ந்து புகும் நீரோடு மீனும் உள்ளே போய்விடுகிறது. பின் வாயை மூடி, நீரை மெல்ல வெளியேற்றி, மீனை முழுதாக விழுங்குகிறது. மெல்லுவதற்கு உரிய வலிய தாடை அதற்கு இல்லை.

சருகோடு கொண்ட ஒப்புமையே அதற்குச் சோறிடுகிறது. ஒப்புமையை நம்பிய மீன் உயிரிழக்கிறது.

மீன் மட்டுமா ஏமாந்தது? 1783-இல் ஜெர்மானிய அறிஞர் ஷ்னைடர் இதற்கு அறிவியற் பெயர் சூட்டினார். அதன்பின் இரண்டு நூற்றாண்டுகளுக்கு மேலாக இது ஒரே இனமென்றே கொள்ளப்பட்டது. 2020-இல் வெளிவந்த மரபணு ஆய்வு, இவை இரண்டு இனங்கள் என்று காட்டியது. சற்றொப்ப 1 கோடியே 30 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்பே அவை பிரிந்துவிட்டனவாம். ஓரினோகோ, ரியோ நீக்ரோப் படுகைகளில் வாழ்வது வெளிர்நிறமும் நீள்வட்ட ஓடும் உடையது. அமேசான் இனம் கருமை மிக்கது, அதன் ஓடு நீள்சதுரம்.

இவ்வேறுபாடு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. விந்தையான தோற்றத்திற்காகவே இவற்றின் குஞ்சுகளைக் களவாகப் பிடித்து, வீடுகளில் வளர்ப்போருக்கு விற்கிறார்கள். மீட்கப்பட்ட குஞ்சை எந்த ஆற்றில் விடுவது? பெயர் பிழைத்தால் ஆறும் பிழைக்கும்; அயல் ஆற்றில் விடப்பட்டால் இரண்டு இனங்களும் கலந்துபோகக்கூடும். 2022-இல் இவ்விரண்டு இனங்களும் பன்னாட்டு உயிரின வணிகத்தை நெறிப்படுத்தும் சைட்டீஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பட்டியலில் சேர்க்கப்பட்டன.

கவிஞர்களே, ‘போல’ என்னும் உருபு நம் கைப்பொருள். அதை ஆளுமுன், ஒப்பிடும் இரண்டும் எங்கே வேறுபடுகின்றன என்பதையும் ஒருமுறை கூர்ந்து நோக்குவோம். அந்நோக்கு இல்லாத உவமை, பொருளைக் காட்டாமல் மறைத்துவிடும். வரும் பத்தாண்டுகளில் இவ்வட்டத்தின் கவிதைகளில் மரமும் பறவையும் மீனும் தத்தம் பெயரோடும் இயல்போடும் இடம்பெற வேண்டுமென விழைந்து அமைகிறேன்.