இல்லறத்தாரும் சைக்கிள் பயிற்சியும்

(ஓசூரில் கூடிய நம் சங்க மாதக்கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)

   

சென்ற கூட்டம் முடிந்தபின் மூத்த அங்கத்தினர் ஒருவர் எம்மை அருகழைத்து, "பண்டிதரே! கல்லூரிக்குப் போகும் மகளை வைத்துக்கொண்டு, அரைக்காற்சட்டையும் தலைக்கவசமுமாய்க் கிருஷ்ணகிரிவரை சைக்கிளில் போய் வருகின்றீரே, எதன்பொருட்டு? பரிசு உண்டா? பணம் உண்டா?" என்று வினவினார். யாம் நகைத்துவிட்டு அகன்றோம். நகைப்பு விடையாகாது அன்றோ? ஆதலின் அவருக்குரிய விடையை இன்று சபையோர் முன்னிலையிற் கூற எழுந்தோம்.

நம் தந்தையர் காலத்தில் சைக்கிள் பிழைப்புக்குரிய கருவி. பாற்குடமும் பூக்கூடையும் சுமந்து ஓசூர்ச் சந்தைக்கு வந்தவர்க்குத் தனியே தேகப்பயிற்சி வேண்டியிருந்ததில்லை. பின்னர் சிப்காட் தொழிற்பேட்டை எழுந்தது, லேலண்டு, டி.வி.எஸ்., டைட்டன் முதலிய ஆலைகள் வந்தன. நம்மவரிற் பலர் ஷிப்டு மாறி மாறி உழைக்கின்றனர். சிலர் அத்திப்பள்ளி எல்லையைக் கடந்து பெங்களூருக்குச் சென்று நாள் முழுதும் நாற்காலியில் அமர்கின்றனர். கை நிறைந்தது, உடம்பு தளர்ந்தது. நாற்பதை எட்டுமுன் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உண்பார் இல்லாத வீடு நம் தெருவில் அரிது.

இவ்வூர்களில் விடியலிற் சைக்கிளொடு புறப்படுவோருட் பெரும்பாலார் இத்தகைய குடும்பஸ்தரே. ஓசூர் கடல்மட்டத்திற்கு ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. கிருஷ்ணகிரி அதனினும் முந்நூறு மீட்டருக்குமேல் தாழ்ந்தது. ஐம்பது கிலோமீட்டர் போகுங்கால் சாலை நம்மைத் தாங்கிச் செல்லும். திரும்புங்கால் சூளகிரி மேட்டில் ஒவ்வொரு மூச்சுக்கும் கணக்குக் கேட்கும்.

இவர்கள் நாடுவது பந்தயமன்று. "பிரெவே" என்னும் நெடும்பயணம் ஒன்றுண்டு. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணியிலும், 300-ஐ 20 மணியிலும், 600-ஐ 40 மணியிலும் முடித்தல் வேண்டும். முதல்வன், கடையன் என்னும் வரிசை அதில் இல்லை. இவ்வகைப் பயணங்களுட் புகழ்பெற்றது பாரிசிலிருந்து பிரெஸ்து நகர் சென்று மீள்வது. 1891-ல் பந்தயமாய்த் தொடங்கிய அது, இன்று நான்காண்டுக்கு ஒருமுறை நடைபெறும் பரிசிலாப் பயணம்; ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர்; அதற்குரிய மிகுந்த கால எல்லை 90 மணி. நம் நாட்டாரும் அதிற் கலந்துகொள்கின்றனர். இத்தகையோரை "அமெச்சூர்" என்பர். விரும்பிச் செய்பவர் என்பதே அப்பிறமொழிச் சொல்லின் மூலப்பொருள்.

விரும்பிச் செய்வதாயின் மெல்லச் செய்யலாகாதோ, ஏன் இத்துணைக் கடுமை என்பீர்கள். உடல்நலம் ஒன்றே குறியாயின் மெல்லச் செய்தலே போதும். வாரத்தில் 150 முதல் 300 நிமிடம்வரை மிதமான உழைப்பே முதியோரல்லாத பெரியவர்க்கு வேண்டுவது என்று உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வகுத்தது. ஆயினும் முப்பதைக் கடந்தபின் உயிர்க்காற்றை உண்டு உழைக்கும் ஆற்றல், பயிற்சியில்லாதார்க்குப் பத்தாண்டுதோறும் பத்தில் ஒரு பங்களவு குறையும். கடும்பயிற்சியை விடாதார்க்கு அக்குறைவு பாதியளவாய் நிற்றலும் உண்டு. 2018-ல் இங்கிலாந்து அறிஞர் 55 முதல் 79 வயதுவரை உள்ள 125 சைக்கிளோட்டிகளை ஆராய்ந்த முடிவை வெளியிட்டனர். அவர்தம் தசைகள் வயதிற்கேற்பத் தேயவில்லை. நோயெதிர்க்கும் அணுக்களைப் பிறப்பிக்கும் திறனும் இளைஞரை ஒத்திருந்தது. பிரான்சு நாட்டு ராபர்ட் மார்ஷான் என்பார் 2012-ல் தம் நூறாம் வயதில் ஒருமணி நேரத்தில் 24 கிலோமீட்டருக்குச் சற்று மிகுதியாக ஓட்டினார். பயின்று, 2014-ல் 102-ஆம் வயதில் ஏறத்தாழ 27 கிலோமீட்டர் ஓட்டினார். எல்லாரும் மார்ஷான் ஆகார். எனினும் தேய்வு ஒன்றே முதுமையின் விதியன்று என்பதற்கு அவர் சான்று.

இன்னொரு காரணமும் உண்டு. இருபதாண்டாய் ஒரே இலக்கணத்தைக் கற்பித்துவரும் எமக்கு, சூளகிரி மேட்டில் மீண்டும் மாணாக்கராகும் வாய்ப்புக் கிட்டுகின்றது. அங்கே பட்டமும் பதவியும் மிதிக்க உதவா.

இதுகாறும் கூறியது பெருமை. இனிக் கூறுவது எம் பிழை.

மூன்றாண்டுகட்கு முன் 300 கிலோமீட்டர்ப் பயணத்திற்குப் பெயர் கொடுத்திருந்தோம். முதல்நாள் இரவு எம் அன்னையார்க்குக் காய்ச்சல். "இம்முறை வேண்டாமே" என்றார் எம் இல்லாள். ஆறு மாதப் பயிற்சி வீணாகுமே என்று யாம் கேளாது புறப்பட்டோம். நண்பகலில், பயணத்தார் கையொப்பமிடும் இடத்தில் நின்று பையிலிருந்த கைப்பேசியை எடுத்து நோக்கினால் பதினோர் அழைப்புகள்! அன்னையார் மயங்கி விழ, மனைவியும் மகளும் அண்டைவீட்டார் ஆட்டோவில் அவரை மருத்துவமனைக்குக் கொண்டுசென்றிருந்தனர். பயணத்தை அவ்விடத்தே நிறுத்தி, பேருந்திற் சைக்கிளை ஏற்றி, இருட்டியபின் வந்து சேர்ந்தோம். கட்டிலிற் கிடந்த அன்னையார் கேட்டது, "சாப்பிட்டாயாப்பா?" என்பது ஒன்றே. அதனினும் கடிய சொல்லை யாம் கேட்டதில்லை. அவர் நலமடைந்தபின் இல்லாள் கூறியது: "நீங்கள் ஓட்டுவதில் எனக்கு வருத்தமில்லை. என்னைக் கேளாமல் ஓட்டுவதுதான் வருத்தம்."

அன்று ஓர் உண்மை விளங்கிற்று. எம்முடைய விடியல் எமக்கு மட்டும் உரியதன்று. யாம் மேட்டில் மூச்சிறைக்கும் அவ்வேளையில் அடுப்படியில் ஒருவர் எம் பங்கையும் சுமக்கின்றார். அவர் உடன்பாடு இல்லாத பயிற்சி கடன்வாங்கிய பொருளில் விருந்திடுவதை ஒக்கும்.

இப்பொழுது எம் வீட்டில் சனிக்கிழமை மாலை நாட்காட்டியை நடுவே வைத்து எல்லோரும் அமர்கின்றோம். மூன்று விடியல் எமக்கு. இரண்டு விடியல் இல்லாளுக்கு. அவ்விரு நாளும் சமையல் எம்முடையது. 1991-ஐ ஒட்டிப் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கத்தின்போது பல்லாயிரம் பெண்கள் சைக்கிள் பயின்றனர்; நாற்பத்திரண்டாம் வயதில் எம் இல்லாளும் அவ்வழியே பயின்று தளி சாலையில் ஓட்டுகின்றார். கைப்பேசி இப்பொழுது பையிலில்லை; கண்ணெதிரே கைப்பிடியில் இருக்கின்றது.

பயிலத் தொடங்கும் நண்பர்கட்குச் சில சொல்வோம். முதலில் மருத்துவரிடம் இதயத்தைக் காட்டுக. ஐந்து பங்கில் நான்கு பங்கு பேசிக்கொண்டே ஓட்டத்தக்க மெல்லோட்டமாகவும், ஒரு பங்கே கடுமையாகவும் அமைக. உடம்பு வலுப்பெறுவது ஓய்வில். நாற்பதிற்குப்பின் அவ்வோய்வு கூடுதலாக வேண்டும். இரவு ஷிப்டு முடித்த காலையில் ஓட்டற்க. சானமாவு, தேன்கனிக்கோட்டைக் காட்டுச்சாலைகளில் யானை கடக்குமாதலின் நன்கு விடியுமுன் செல்லற்க. லாரி மிகுந்த நெடுஞ்சாலையில் ஒளிவிளக்கின்றி இறங்கற்க.

வினவிய பெரியவர்க்கு எம் விடை இது: பரிசு இல்லை, பணமும் இல்லை. எம் மக்கள் எம்மைச் சுமக்கவேண்டிய நாளைச் சில ஆண்டுகளேனும் தள்ளிவைத்தற்கே மேட்டில் ஏறுகின்றோம். வீட்டாரை இன்றே சுமக்கவைத்து அதனைத் தேடுதல் அறமாகாது. அன்னையாரை மருத்துவமனையிற் கண்ட அவ்விரவு அதனைக் கற்றோம். ஐயா, வரும் ஞாயிறு தங்கள் மைந்தரை எம்முடன் அனுப்புக. முன்னதாக மருமகளாரை ஒருசொல் கேட்டு அனுப்புக.