விண்ணப்பமும் வாய்மையும்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



ஆண்டு விழாவில் சிறிது நேரம் பேசுமாறு செயலாளர் அவர்கள் பணித்தபோது யாம் மிகவும் தயங்கினோம். மெட்ரிகுலேஷன் வரை படித்து, இருபத்து மூன்று ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்தில் கோப்புகளோடு காலங்கழிக்கும் குமாஸ்தா ஒருவர், கற்றோர் நிறைந்த இந்த அவையில் எதைப் பற்றிப் பேசுவது? இலக்கியம் பேச நம் சங்கத்தில் புலவர் உளர். இசை பேச வல்லார் உளர். எமக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான், அது விண்ணப்பம். விடுமுறை விண்ணப்பம், பாஸ் விண்ணப்பம், மாறுதல் விண்ணப்பம், குவார்ட்டர்ஸ் விண்ணப்பம் என நாள்தோறும் எம் மேசைக்கு வருவன பல. அவற்றுள் எது நிறைவேறும், எது குறையுடையதென்று திரும்பும் என்பதை ஓரளவு அறிவோம். ஆகவே ஒரு விண்ணப்பத்தின் கதையையே இன்று சொல்லத் துணிந்தோம்.

நம் காலனியில் பல வீடுகளுக்கு அமெரிக்காவில் உறவினர் இருக்கின்றனர். எம் தங்கையும் அவள் கணவரும் நியூ ஜெர்சி மாநிலத்தில் வாழ்கின்றனர். அவர்கள் மகள் அங்கேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பிஸிஷியன் அஸிஸ்டென்ட் பள்ளியில் சேர விண்ணப்பித்த வரலாறே இன்றைய பேச்சின் பொருள்.

பிஸிஷியன் அஸிஸ்டென்ட் என்பதைத் தமிழில் மருத்துவத் துணைவர் எனலாம். பெயரைக் கேட்டதும் நம்மில் பலர் பழைய காலத்துக் கம்பவுண்டரை நினைத்துக் கொள்வர். யாமும் அவ்வாறே நினைத்தோம். உண்மை வேறு. மருத்துவத் துணைவர் நோயாளியைச் சோதிப்பார்; நோய் இன்னதென்று கணிப்பார்; இரத்தப் பரிசோதனைக்கும் எக்ஸ்ரேக்கும் எழுதிக் கொடுப்பார்; மருந்தும் எழுதுவார்; அறுவை மருத்துவத்தில் டாக்டர் அருகே துணை நிற்பார். பட்டம் பெற்றவர்களே பெரும்பாலும் இப்படிப்பில் சேர்கின்றனர். படிப்புக் காலம் பொதுவாக இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல். முற்பகுதி வகுப்பறையிலும் பிற்பகுதி மருத்துவமனைப் பயிற்சியிலும் கழியும். அதன்பின் நாடு முழுமைக்கும் பொதுவான தேர்வொன்றில் தேறி, மாநில உரிமம் பெற்றால்தான் தொழில் புரியலாம்.

இத்தொழில் பிறந்த கதையும் அறியத்தக்கதே. 1965ஆம் ஆண்டில் வட கரோலினா மாநிலத்து டியூக் பல்கலைக்கழகத்தில் டாக்டர் யூஜின் ஸ்டெட் என்பார் இதனைத் தொடங்கினார். அந்நாளில் அந்நாட்டில் டாக்டர்கள் போதவில்லை. சிற்றூர்களில் குறை மிகுதி. மற்றொரு பக்கம், கடற்படையில் மருத்துவப் பணியாளராய் இருந்து திரும்பியோர், நோயாளிகளோடு நெருங்கிப் பழகிய அனுபவம் இருந்தும் ஊரில் அதற்கேற்ற வேலையின்றி இருந்தனர். அத்தகையோர் நால்வரைக் கொண்டு முதல் வகுப்புத் தொடங்கிற்று. 1967இல் மூவர் தேறி வெளிவந்தனர். நோயாளியைத் தொட்டுப் பணி செய்தவர்களைக் கொண்டு பிறந்த தொழிலாதலால், இன்றும் பல பள்ளிகள், 'இதுவரை நோயாளியருகே எத்தனை மணி நேரம் இருந்தாய்?' என்று கேட்கின்றன. சில பள்ளிகள் 500 மணி கேட்கும், சில 1,000, சில 2,000. மணிக்கணக்கை வற்புறுத்தாத பள்ளிகளும் உண்டு. வாரம் 40 மணி வீதம் 50 வாரம் உழைத்தால்தான் 2,000 மணி சேரும் என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

அமெரிக்காவில் இத்தகைய பள்ளிகள் முந்நூறுக்கு மேல் இருக்கின்றன. ஆயினும் விரும்புவோர் தொகை இடங்களினும் மிகுதி. பெரும்பாலான பள்ளிகளுக்கு 'காஸ்பா' என்னும் பொது விண்ணப்பம் ஒன்றே வாயில். 2001 முதல் நடைமுறையில் உள்ள இது, ஆண்டுதோறும் ஏப்ரல் இறுதியில் திறக்கும். மதிப்பெண்கள், நோயாளிப் பணி, தொண்டு, பரிந்துரைக் கடிதங்கள், 5,000 எழுத்துக்கு மேற்படாத தன்வரலாற்றுக் கட்டுரை ஆகிய அனைத்தும் அதில் அடங்கும்.

எம் மருமகள் 2022ஆம் ஆண்டு முதன்முறை விண்ணப்பிக்க முனைந்தாள். கல்லூரியில் உயிரியல் படித்தவள். ஒரு முதியோர் இல்லத்தில் செவிலியர்க்கு உதவும் பணியில் இருந்தாள். அவள் கணக்கில் 740 மணி சேர்ந்திருந்தது. அவள் விரும்பிய பள்ளிகளிற் பல 1,000 மணி கேட்டன.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் குடும்பம் முழுவதும் கூடி ஆலோசித்தது. "1,000 என்று போட்டுவிடு, அங்கே யார் எண்ணிப் பார்க்கப் போகிறார்கள்?" என்றார் அவள் தந்தை. தங்கையும் ஆமென்றாள். சபையோரே, உண்மையை மறைக்க மாட்டோம்: யாமும் ஆமென்றோம். "எல்லாரும் சிறிது கூட்டித்தானே எழுதுவார்கள், அம்மா" என்று பெரிய அனுபவசாலி போலப் புத்தி சொன்னோம்.

அவள் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "மாமா, உங்கள் அலுவலகப் பதிவேட்டில் ஒருவர் வேலை செய்யாத நாளை வேலை செய்த நாளாக எழுதுவீர்களா?" என்று கேட்டாள்.

யாம் நாணினோம். எம் பிரிவில் பணிப் பதிவேடுகளைக் காப்பதே எம் வேலை. மேலதிகாரி கையொப்பமில்லாத ஒரு நாளைக்கூட எவர் கணக்கிலும் ஏற்றியதில்லை. எம் நண்பர் ஒருவர் எவ்வளவோ கெஞ்சியும் இசையாதிருந்தோம். அலுவலகத்தில் காத்த நெறியைப் பிள்ளையின் முன்னேற்றம் என்றதும் வீட்டில் கைவிட்டோமே என்று அன்றிரவு உறக்கம் வரவில்லை.

அவள் 740 என்றே எழுதினாள். அவ்வளவு மணி போதுமென்ற பள்ளிகளுக்கும், மணி வரையறை விதிக்காத பள்ளிகளுக்குமாக எட்டு இடங்களுக்கு விண்ணப்பித்தாள். ஒன்றுமே அவளை அழைக்கவில்லை. "நேர்மையாயிருந்து என்ன கண்டேன், மாமா?" என்று அவள் அழுதபோது எமக்கு விடை தெரியவில்லை. "விண்ணப்பத்தை அனுப்பு, பார்க்கிறோம்" என்றோம். திரும்பிய விண்ணப்பங்களை ஆராய்வதுதானே எமக்குக் கைவந்த தொழில்!

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாலைகள் படித்தோம். மணிக்கணக்கு மட்டுமே காரணமன்று என்பது விளங்கிற்று. முதற்குறை, காலம். பல பள்ளிகள் விண்ணப்பம் வர வரப் பார்த்து, வர வர இடத்தை நிரப்புகின்றன. இவளோ இறுதி நாளை நம்பிச் செப்டம்பர் முடிவில் அனுப்பியிருந்தாள். கல்லூரிச் சான்றுகளைக் காஸ்பா சரிபார்க்கவும் சில வாரங்கள் ஆகும். கடைசி வண்டிக்குக் கடைசி நிமிடத்தில் ஓடுவோர்க்கு இருக்கை எங்ஙனம் கிடைக்கும்?

இரண்டாங்குறை, வேதியியலில் ஒரு பாடத்தில் குறைந்த மதிப்பெண். மீண்டும் படித்துத் தேறினாலும் காஸ்பா பழைய மதிப்பெண்ணை நீக்குவதில்லை. இரண்டையும் சேர்த்தே கணக்கிடும். ஆயினும் மீண்டும் படித்து நன்கு தேறியவரின் முயற்சி பார்ப்பவர் கண்ணுக்குத் தப்பாது. அவள் அப்பாடத்தை அப்படியே விட்டிருந்தாள்.

மூன்றாங்குறையே பெருங்குறை, அது கட்டுரையில் இருந்தது. 'உயிர் காக்கும் உன்னதப் பணியில் இளமை முதலே வேட்கை கொண்டேன்' என்ற போக்கில் ஒரு பக்கம் முழுதும் அலங்காரச் சொற்கள். அதில் ஒரு நோயாளி கூட இல்லை! டாக்டருக்கோ நர்ஸுக்கோ படிக்காமல் மருத்துவத் துணைவர் ஆவானேன் என்ற வினாவுக்கும் விடையில்லை. பெயரை மாற்றினால் எவருக்கும் பொருந்தும் கட்டுரை அது.

"முதியோர் இல்லத்தில் இரவில் என்ன செய்வாய், அதைச் சொல்" என்றோம். அவள் சொல்லத் தொடங்கினாள். ஒரு மூதாட்டி, உடலைத் துடைத்துவிடும்போதெல்லாம் நாணத்தால் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக் கொள்வார். 'இப்போது கையைத் துடைக்கப் போகிறேன், இப்போது போர்வையை விலக்கப் போகிறேன்' என்று ஒவ்வொன்றையும் முன்னதாகச் சொல்லிச் செய்ய இவள் கற்றுக்கொண்டாள். நாளடைவில் மூதாட்டி முகம் திருப்பவில்லை. தலையணை சரியில்லை, தேநீர் ஆறிவிட்டது என்று சண்டை பிடிக்கவும் தொடங்கினார்! ஓரிரவு அவர் சண்டை பிடிக்கவில்லை. மூச்சு விரைந்து வாங்குவதைக் கண்ட இவள் நர்ஸிடம் ஓடினாள். மருத்துவத் துணைவர் ஒருவர் வந்தார். கட்டிலருகே அமர்ந்து, மூதாட்டியின் காதருகே குனிந்து, அவரையே கேட்டுக் கேட்டுச் சோதித்தார். நுரையீரற் காய்ச்சல் எனக் கணித்து மருத்துவமனைக்கு அனுப்பினார். மூதாட்டி பிழைத்தார்.

"அன்றுதான், மாமா, இந்த வேலையே வேண்டுமென்று நினைத்தேன்" என்றாள்.

"இதை ஏன் எழுதவில்லை?" என்றோம்.

"இது சின்ன விஷயம்தானே" என்றாள்.

நண்பர்களே, நம் பிள்ளைகள் பலரும் செய்யும் பிழை இதுவே. தாம் கண்ணாரக் கண்டதைச் சிறிதென்று ஒதுக்கிவிட்டு, எங்கோ கேட்ட சொற்களைப் பெரிதென்று எழுதுகின்றனர்.

2023ஆம் ஆண்டில் அவள் மீண்டும் விண்ணப்பித்தாள். இடைப்பட்ட காலத்தில் உழைத்து 1,200 மணி சேர்த்தாள். பழையதும் புதியதுமாக 1,940 மணி. ஒரு மணி கூடவுமில்லை, குறையவுமில்லை. வேதியியற் பாடத்தை மீண்டும் படித்து உயர்ந்த மதிப்பெண் பெற்றாள். ஒவ்வொரு பள்ளியும் கேட்பது இன்னதென்று தாளில் கோடிட்டுப் பட்டியல் எழுதி, பொருந்தாதவற்றை அடித்தாள். ஒவ்வொரு பள்ளிக்கும் தனிக் கட்டணம் உண்டாகையால் இதில் பணமும் மிஞ்சிற்று. பரிந்துரைக் கடிதத்துக்குப் பெரும்பதவியிலிருப்போரை நாடாமல், தன் வேலையை அருகிருந்து பார்த்த நர்ஸையும் மருத்துவத் துணைவரையும் இரண்டு மாதம் முன்னதாகவே கேட்டாள். கட்டுரையில் மூதாட்டி வந்தார். பெயர் சொல்லாமல், அடையாளம் காட்டாமல் வந்தார். மே மாதத்திலேயே விண்ணப்பம் சென்றது.

மூன்று பள்ளிகள் நேர்முகத்துக்கு அழைத்தன. ஓரிடத்தில், "சென்ற ஆண்டு இவ்வளவு குறைந்த மணியோடு ஏன் விண்ணப்பித்தாய்?" என்று கேட்டனராம். "அவசரப்பட்டேன், ஓராண்டு பொறுத்திருக்க வேண்டும்" என்றாளாம். அப்பள்ளியே இடம் அளித்தது. 2024இல் சேர்ந்தாள்.

அந்த மணிக்கணக்கை எவரேனும் சரிபார்த்தனரா என்பதை யாம் இன்றும் அறியோம். மேற்பார்வையாளர் பெயரும் தொடர்பும் விண்ணப்பத்தில் கேட்கப்படுவதால் சரிபார்க்க வழியுண்டு. சரிபார்க்கவேயில்லை என்று வைத்துக் கொள்வோம். நாளை அவள் நோயாளியின் ஏட்டில் நாடித்துடிப்பு இவ்வளவு, காய்ச்சல் இவ்வளவு, மருந்து இவ்வளவு என்று எழுதுவாள். அங்கே அவள் எழுதும் எண்ணை நம்பியே அடுத்தவர் மருத்துவம் செய்வார். நுழைவாயிலில் 740ஐ 1,000 ஆக்கிய கை, நள்ளிரவில் எண்ணாத நாடியையும் எண்ணியதாக எழுதாதென்று எவ்வாறு சொல்வது? இதை யாம் அவளுக்குக் கற்பித்திருக்க வேண்டும், அவளிடமிருந்து கற்றுக்கொண்டோம்.

நம் காலனிப் பிள்ளைகளுக்காக இரண்டு செய்திகள் சொல்லி முடிக்கின்றோம். இப்படிப்பு நம் நாட்டிலும் உண்டு. 1992இல் சென்னை மெட்ராஸ் மெடிக்கல் மிஷனில் டாக்டர் கே. எம். செரியன் அவர்களின் முயற்சியால் தொடங்கிற்று. 2021ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட மருத்துவத் துணைத் தொழில்கள் பற்றிய சட்டத்திலும் இத்தொழில் இடம்பெற்றுள்ளது. ஆனால் இங்கே பெற்ற பட்டத்தை மட்டும் கொண்டு அமெரிக்காவில் இத்தொழிலுக்குரிய தேர்வை எழுத இயலாது. அங்கே ஏற்பளிக்கப்பட்ட பள்ளியில் தேறியோர்க்கே அவ்வுரிமை உண்டு. திருமணமாகியோ வேலை நிமித்தமோ அங்கே செல்லும் நம் பெண்மக்களும் ஆண்மக்களும் இதனை முன்கூட்டியே அறிதல் நலம்.

மற்றொன்று: இந்தியப் பட்டம் பெற்றோர் தம் மதிப்பெண்களை அந்நாட்டு முறைக்கு மதிப்பிட்டுப் பெற வேண்டியிருக்கும். உடற்கூற்றியல், உடலியங்கியல், நுண்ணுயிரியல், வேதியியல் முதலிய முன்பாடங்களை அமெரிக்கக் கல்லூரியிலேயே படித்திருக்க வேண்டுமெனப் பல பள்ளிகள் விதிக்கின்றன. குடிமக்களையும் நிலையாக வாழும் உரிமை பெற்றோரையும் மட்டுமே சேர்க்கும் பள்ளிகளும் உள. ஆகவே கட்டணம் கட்டுமுன் ஒவ்வொரு பள்ளியையும் எழுதிக் கேட்டுக்கொள்க.

பெற்றோர்களே, பிள்ளைகள் விண்ணப்பம் எழுத உட்காரும்போது நாம் அருகிலிருப்போம்; தேநீர் கொடுப்போம்; தேதியை நினைவூட்டுவோம். எண்ணைக் கூட்டிப் போடு என்று மட்டும் சொல்லாதிருப்போம். ஓராண்டு தாழ்ந்தாலும் குற்றமில்லை. அடுத்த ஏப்ரலில் அந்த வாயில் மீண்டும் திறக்கும்.