வீட்டுக் கணக்கும் பெற்றோர் துணையும்

பள்ளிக்கூடத்தில் கொடுத்தனுப்பும் வீட்டுப்பாடங்களில் பிள்ளைகளை அதிகமாகத் திணற வைப்பது கணக்குதான். நமது நெகிரி செம்பிலான் மாநிலத்தில் லாபு, ரந்தாவ், லிங்கி, சுவா பெத்தோங், பகாவ் என்று எந்தத் தோட்டப்புறத்தை எடுத்துக்கொண்டாலும் பெற்றோர்கள் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "நாங்கள் அவ்வளவாகப் படிக்கவில்லை, பிள்ளைக்கு எப்படிச் சொல்லிக் கொடுப்பது?" இந்தக் கேள்விக்கு இன்று நாம் விடை காண முயல்வோம்.

இந்தக் குறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டத்தை ஒட்டித் தோட்டங்களில் சிறு சிறு தமிழ்ப்பள்ளிகள் எழுந்தன. அங்கே எழுதப் படிக்கவும் கூட்டிக் கழிக்கவும் கற்றதோடு நம் முன்னோர் பலருடைய படிப்பு நின்றுவிட்டது. ஆனால் கணக்கு அவர்களை விட்டுப் போய்விடவில்லை. மரத்தின் கணக்கு, பாலின் கணக்கு, பிரட்டுக்குப் போன நாளின் கணக்கு, கடைப் பாக்கி என்று வாழ்க்கையே கணக்காக இருந்தது. ரப்பர் மரங்களுக்குப் பதில் செம்பனை வந்த தோட்டங்களில் குலைக்கணக்கு வந்தது. ஆகவே, தமக்குக் கணக்கே தெரியாது என்று தோட்டத்துப் பெற்றோர் எண்ண வேண்டியதில்லை.

பிள்ளைகள் பெரும்பாலும் எங்கே தடுமாறுகிறார்கள்? வாய்பாடு தெரிந்த பிள்ளையும் வாக்கியத்தில் அமைந்த கணக்கைக் கண்டால் மிரளுகிறது. ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "ஒரு தொழிலாளி 24 கிலோ பால் எடுத்தார். அந்தப் பாலில் நூற்றுக்கு 30 பங்கு உலர்ந்த ரப்பர் இருக்கிறது. ரப்பரின் எடை எவ்வளவு?" பிள்ளை 24, 30 என்ற இரண்டு எண்களை மட்டும் பார்க்கிறது. சட்டென்று பெருக்கி, 720 கிலோ என்று எழுதிவிடுகிறது. பெருக்கலில் பிழையில்லை. ஆனால் விடை தவறு.

இங்கேதான் தாயோ தந்தையோ துணைக்கு வர வேண்டும். நூற்றுவீதம் என்ற பாடத்தை அவர்கள் படித்திருக்க வேண்டியதில்லை. "தம்பி, இருபத்து நாலு கிலோ பாலில் எழுநூற்று இருபது கிலோ ரப்பர் வருமா?" என்று கேட்டால் போதும். பிள்ளை சிரித்துவிடும்; சிரித்த பிறகு சிந்திக்கும். "சரி, நூறு கிலோ பாலில் முப்பது கிலோ என்றால் பத்துக் கிலோவில் எவ்வளவு?" என்று அடுத்த கேள்வியைக் கேட்கலாம். மூன்று கிலோ. அப்படியானால் இருபது கிலோவுக்கு ஆறு கிலோ. மிச்சமுள்ள நாலு கிலோவுக்கு 1 கிலோ 200 கிராம். ஆக மொத்தம் 7 கிலோ 200 கிராம். இந்த விடையைப் பிள்ளை தானே கண்டுபிடித்தது. அதனால் அது மறக்காது.

ஹங்கேரியில் பிறந்த கணித அறிஞர் ஜார்ஜ் போல்யா, கணக்குகளுக்குத் தீர்வு காணும் வழியை 1945-ஆம் ஆண்டில் ஒரு நூலாகவே எழுதினார். அவர் சொன்ன படிகள் நான்கு. கேட்டிருப்பது என்ன என்று புரிந்துகொள்வது முதற்படி. வழியைத் திட்டமிடுவது இரண்டாவது. திட்டப்படி செய்வது மூன்றாவது. செய்ததைத் திரும்பிப் பார்ப்பது நான்காவது. நம் பிள்ளைகள் பலர் மூன்றாவது படியிலேயே தொடங்கி அங்கேயே முடித்துவிடுகிறார்கள். மற்ற மூன்று படிகளுக்கும் பெற்றோர் கேள்வி கேட்டே உதவலாம்.

மொழி ஒரு தடையாகுமே என்று சிலர் கேட்கலாம். 2003-ஆம் ஆண்டில் கணிதத்தையும் அறிவியலையும் ஆங்கிலத்தில் கற்பிக்கத் தொடங்கியபோது, வீட்டில் உதவி செய்ய முடியாமல் பெற்றோர் பலர் விலகி நின்றனர். அந்தத் திட்டத்தைக் கைவிடுவதென்று 2009-ஆம் ஆண்டில் அரசாங்கம் முடிவு செய்தது. தமிழ்ப்பள்ளியில் தமிழில் கணக்குக் கற்ற பிள்ளையும் இடைநிலைப்பள்ளியில் மலாய்மொழிக் கேள்விகளைச் சந்திக்கத்தான் வேண்டும். அதற்கும் வழி இதுவே. கேள்வியைப் பிள்ளை தன் சொந்தத் தமிழில் நமக்கு எடுத்துச் சொல்லட்டும். சொல்ல முடிந்தால் பாதிக் கணக்கு முடிந்தது. சொல்ல முடியாவிட்டால் எந்தச் சொல் புரியவில்லை என்பது தெரிந்துவிடும். அதை மறுநாள் ஆசிரியரிடம் கேட்கலாம். மலாயில் மீதத்தைக் குறிக்கும் 'பாக்கி' என்ற சொல் நம் கடைக்கணக்கிலும் புழங்குகிற சொல் அல்லவா?

1988-ஆம் ஆண்டு முதல் நடந்துவந்த யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021-ஆம் ஆண்டில் நீக்கப்பட்டது. தேர்வு போனதால் கவலையும் போயிற்று என்று இருந்துவிடக் கூடாது. ஐந்தாம் ஆண்டில் புரியாத பின்னம், முதலாம் படிவத்தில் பெருஞ்சுவராக நிற்கும். அதைக் கடக்க முடியாத பிள்ளைக்குப் பள்ளிக்கூடமே கசந்துவிடும். பிள்ளையின் கணக்கு நோட்டு அந்த ஆபத்தை அன்றாடம் நமக்குக் காட்டுகிறது. அதைத் திறந்து பார்ப்பதற்குப் பட்டம் தேவையில்லை.

சில செய்திகளை மட்டும் நினைவில் வைப்போம். விடையை நாமே சொல்லிவிட வேண்டாம். அடுத்த வீட்டுப் பிள்ளையின் நோட்டைப் பார்த்து எழுத விட வேண்டாம். தவறு செய்தால் அடிக்க வேண்டாம்; அடிக்குப் பயந்த பிள்ளை தெரியாததை மறைக்கப் பழகிவிடும். இரவில் அரைமணி நேரம் தொலைக்காட்சியை நிறுத்தி, பிள்ளையின் அருகில் உட்கார்ந்திருந்தால் போதும். படித்த அண்ணன்மாரும் அக்காமாரும் கோயில் மண்டபத்திலோ பள்ளியிலோ வாரம் இரண்டு நாள் பிள்ளைகளைக் கூட்டி வைத்துச் சொல்லிக் கொடுக்கலாம். 1982-ஆம் ஆண்டில் தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம், கூட்டு முயற்சியால் இப்படிப்பட்ட வகுப்புகளை நாடெங்கும் நடத்த முடியும் என்று காட்டியிருக்கிறது.

இன்று இரவே ஒரு கணக்கை எடுத்துக்கொள்வோம். "இதில் என்ன கேட்டிருக்கிறார்கள், எனக்குச் சொல்" என்று பிள்ளையிடம் கேட்டுவிட்டுப் பொறுமையாகக் காத்திருப்போம்.