தங்கம் வேண்டும், தோண்டியவர் வேண்டாம்



அயல்நாட்டு மாநிலம் ஒன்றைப் பற்றிப் பேசுங்கள் என்றார்கள். தென்னாப்பிரிக்காவின் கௌடெங் மாநிலத்தை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன். ஜோகன்னஸ்பர்க், பிரிட்டோரியா இரண்டும் அதற்குள்தான் இருக்கின்றன. அந்த நாட்டின் ஒன்பது மாநிலங்களில் இதுதான் ஆகச் சிறியது. பரப்பு 18,178 சதுர கிலோமீட்டர். நம் தமிழ்நாட்டில் ஏழில் ஒரு பங்கு. ஆனால் 2022 கணக்கெடுப்பின்போது அங்கே குடியிருந்தவர்கள் ஒன்றரைக் கோடிப் பேர். தென்னாப்பிரிக்காவில் நான்கில் ஒருவர் அங்கேதான் வாழ்கிறார். அவர்களில் கிராமத்தில் இருப்பவர்களைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஏறத்தாழ 97 விழுக்காட்டினர் நகரவாசிகள்.

எதற்காக அங்கே போய்க் குவிந்தார்கள்? காவிரிக்கரையில் உட்கார்ந்திருக்கிற நமக்கு, ஆற்றை நம்பித்தான் ஊர் பிறக்கும் என்று ஓர் எண்ணம். ஜோகன்னஸ்பர்க்கில் பேர் சொல்லும்படி ஓர் ஆறு கிடையாது. கடல் பல நூறு கிலோமீட்டருக்கு அப்பால். கடல் மட்டத்துக்கு மேலே சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் வெறும் புல்மேடு. 1886-இல் அங்கே லாங்லாக்டே என்ற பண்ணையில் தங்கம் இருப்பது தெரிந்தது. அவ்வளவுதான், ஊர் முளைத்துவிட்டது. மாநிலத்தின் தெற்கு எல்லையில் ஓடும் வால் ஆற்று நீர் போதாமல், 1998 முதல் லெசோத்தோ நாட்டு மலைத் தண்ணீரைச் சுரங்க வழியாகக் கொண்டுவருகிறார்கள். பக்கத்து வீட்டுத் தண்ணீர் என்றதும் நமக்குச் சண்டைதான் ஞாபகம் வரும். அங்கே ஒப்பந்தம் போட்டு, லெசோத்தோவுக்கு ராயல்டி கட்டுகிறார்கள்.  

அந்தத் தங்கம் ஆற்று மணலில் மினுங்குகிற தங்கம் இல்லை. பாறைக்குள் பொடியாகப் பரவிக் கிடப்பது. ஒரு டன் கல்லை வெட்டி அரைத்தால் சில கிராம் கிடைக்கும். வெட்ட வெட்ட அது ஆழத்துக்குப் போய்க்கொண்டே இருக்கும். இம்மாநிலத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ம்போனெங் சுரங்கம் கிட்டத்தட்ட 4 கிலோமீட்டர் ஆழம். அங்கே பாறையின் சூடு 60 டிகிரியைத் தாண்டும். மேலிருந்து பனிக்கூழை அனுப்பிக் குளிர வைக்கிறார்கள். இவ்வளவு செலவு. தங்கத்தின் விலையோ அந்தக் காலத்தில் உலகச் சந்தையில் கட்டிப்போட்ட விலை. முதலாளி எதில் மிச்சம் பிடிப்பான்? கூலியில்!

இங்கேதான் அந்த மாநிலத்தின் தலையெழுத்து எழுதப்பட்டது. ஆள் வேண்டும், லட்சக்கணக்கில் வேண்டும். ஆனால் அந்த ஆள் மனைவி மக்களோடு வந்து குடியேறிவிடக் கூடாது. லெசோத்தோவிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் ஆண்களை மட்டும் ஒப்பந்தத்தில் கொண்டுவந்தார்கள். மதில் சூழ்ந்த கொட்டடிகளில் படுக்க வைத்தார்கள். கையில் 'பாஸ்' என்ற அனுமதிச் சீட்டு இல்லாத கறுப்பருக்குத் தெருவில் நிற்க உரிமை இல்லை. கறுப்பர்கள் வீடு வாங்கி வாழ்ந்த சோஃபியாடவுனை 1955-இல் போலீஸைக் கொண்டு காலி செய்து இடித்தார்கள். அந்த இடத்தில் வெள்ளையருக்கு வீடு கட்டி, 'வெற்றி' என்று பொருள்படும் பெயரையும் சூட்டினார்கள். குடியிருந்தவர் வீட்டை இடித்த இடத்துக்கு வெற்றி என்று பெயர் வைக்க எவ்வளவு கல்நெஞ்சம் வேண்டும், யோசித்துப் பாருங்கள். 1960-இல் ஷார்ப்வில்லில் பாஸ் சட்டத்தை எதிர்த்துத் திரண்டவர்கள்மீது சுட்டார்கள். அரசுக் கணக்கிலேயே 69 பேர் செத்தார்கள். 1976-இல் சொவெட்டோவில் பள்ளிப் பிள்ளைகள் சுடப்பட்டார்கள். இந்த ஊர்கள் எல்லாம் அந்தச் சின்ன மாநிலத்துக்குள்தான்.

நம்மவர்களுக்கும் இதே கதிதான். எட்டு வயதைத் தாண்டிய ஆசியர் எல்லோரும் விரல் ரேகை வைத்துப் பதிய வேண்டும் என்றது, அன்று இந்தப் பகுதியை உள்ளடக்கியிருந்த டிரான்ஸ்வாலின் சட்டம். 1906 செப்டம்பர் 11 அன்று ஜோகன்னஸ்பர்க்கின் எம்பயர் தியேட்டரில் கூடி, பணியமாட்டோம் என்று உறுதி எடுத்தார்கள். இடையில் ஒரு சமரசத்தை நம்பித் தாங்களாகவே வாங்கியிருந்த பதிவுச் சீட்டுகளை 1908 ஆகஸ்டில் அண்டாவில் போட்டுக் கொளுத்தினார்கள். காந்தியோடு முன்வரிசையில் நின்ற தம்பி நாயுடு மொரீஷியஸில் பிறந்த தமிழர்.

இன்னொருத்தியை உங்களுக்கு நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. இந்த மேடையிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள் இருக்கிறது தில்லையாடி. வள்ளியம்மை பிறந்தது ஜோகன்னஸ்பர்க்கில், 1898 பிப்ரவரி 22. மாரிட்ஸ்பர்க் சிறையில் காய்ச்சல் கண்டு, வெளியே வந்த சில நாட்களில், 1914-இல் அதே பிப்ரவரி 22-இல் இறந்தாள். பதினாறு வயது. பிராம்ஃபான்டெய்ன் இடுகாட்டில் கல்லறை இருக்கிறது. நாம் அவளை ஊர்ப் பெயரோடு சேர்த்துச் சொல்லி நம் பெண்ணாக்கிக்கொண்டோம். அதில் தப்பில்லை. ஆனால் அவள் ஜோகன்னஸ்பர்க்காரி. பிறந்த ஊரிலேயே நீ அந்நியள் என்று சொன்ன சட்டத்தை எதிர்த்துத்தான் சிறைக்குப் போனாள்.

நல்ல செய்தியும் உண்டு. காந்தியும் பிறகு மண்டேலாவும் அடைபட்ட ஜோகன்னஸ்பர்க்கின் பழைய கோட்டைச் சிறை வளாகத்தில்தான் இன்று அந்நாட்டின் அரசியல் சாசன நீதிமன்றம் இருக்கிறது. இடித்த சிறைப் பகுதியின் செங்கல்லையே எடுத்து நீதிமன்றச் சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கட்டடம் திறந்த 2004-ஆம் ஆண்டிலேயே அந்த நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. மொசாம்பிக்கிலிருந்து வந்து நிரந்தர வசிப்புரிமை பெற்ற ஏழைகளுக்கு, குடிமக்கள் அல்ல என்பதற்காக முதியோர் உதவித்தொகையையும் குழந்தைகளுக்கான உதவித்தொகையையும் மறுக்கக் கூடாது என்றது.

நான்கே ஆண்டுகள் போயின. 2008 மே மாதம், அதே ஜோகன்னஸ்பர்க்கின் அலெக்சாண்ட்ரா குடியிருப்பில், வெளிநாட்டுக்காரனே வெளியேறு என்று கத்தியும் கம்புமாகக் கிளம்பினார்கள். பாஸ் சட்டத்தில் அடிபட்டவர்களின் பிள்ளைகள் வாழ்கிற ஊர் அது. கலவரம் நாடு முழுக்கப் பரவி 62 பேர் கொல்லப்பட்டார்கள். அவர்களில் 21 பேர் தென்னாப்பிரிக்கக் குடிமக்களே.